காளான் சாறும் இருபதாம் தேதி ஊசியும்

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அவசர அவசரமாக எழுதுகிறேன். ஜெயித்துவிட்டோம் அக்கா!

மரத்தில் தட்டுப்போல் வளரும் காளானை எங்கள் ஆய்வுக்கூடத்தில் மணிக்கணக்காக வெந்நீரில் காய்ச்சுகிறோம் என்றேனே, அந்தச் சாற்றில் ஆல்கஹால் ஊற்றினால் பஞ்சு மாதிரி ஒன்று திரண்டு அடியில் இறங்கும். ஒருவகைக் கூட்டுச் சர்க்கரை அது. பெயர்தான் சர்க்கரை, இனிக்காது. ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை அது தட்டி எழுப்பும் என்பது எங்கள் கணிப்பு.

போன மாதமே எழுப்பியது; துள்ளிக் குதித்தோம். கடைசியில் பார்த்தால், சாற்றில் கலந்திருந்த பாக்டீரியாக் கழிவு செய்த வேலை! முகத்தில் கரி. வெட்கத்தில் உனக்கு எழுதவில்லை. இம்முறை கழிவைச் சுத்தமாக நீக்கிவிட்டு மூன்று தடவை செய்தோம். நேற்றுக் காலை நுண்ணோக்கிக்காரி, நாங்கள் 'சிடுமூஞ்சி' என்று கூப்பிடுபவள், "ஏய், ஓடி வா! பத்து நாள் பட்டினி மாதிரி முழுங்குதுங்க!" என்று கத்தினாள். சோதனைக்கு இரையாகப் போட்டிருந்த, பச்சையாக ஒளிரும் துகள்களை வெள்ளணுக்கள் வாரி வாரி விழுங்கியிருந்தன. அவள் சிரித்ததை நேற்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

உடனே உனக்குத்தான் போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "தங்கச்சி காளான் மருந்து கண்டுபிடிச்சிடுவா, அதுவே போதும்னு போன ஊசிக்கு வரவே மாட்டேன்னுட்டா" என்றார். உடனே டாக்டரிடம் பேசச் சொன்னேன். உன்னிடம் பேசினால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா, இதெல்லாம் கண்ணாடித் தட்டில் நடந்தது. எலிக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை. மனிதருக்கு வர எத்தனை வருடமோ, வராமலும் போகலாம். வந்தாலும் உன் புற்றுநோய் மருந்துக்குத் துணையாக இருக்குமா என்றுதான் பார்க்கிறோம்; அதன் இடத்தில் வைக்க அல்ல. ஊதிப் பேசி உன்னை நம்பவைத்தது என் வாய்க்கொழுப்பு. கடையில் விற்கும் காளான் பொடியையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதே.

அத்தான் டாக்டரைக் கேட்டுவிட்டார். இருபதாம் தேதி மறுபடி ஆரம்பிக்கலாமாம். நான் லீவு போட்டாயிற்று, முதல்நாளே வந்துவிடுவேன். ஊசி ஏறும் மூன்று மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து சிடுமூஞ்சி கதையெல்லாம் சொல்லுவேன். தூங்கினாலும் விடமாட்டேன். வாந்தி வந்தால் நான் பிடித்துக்கொள்கிறேன்.

நல்ல சேதி வந்ததும் உன் நம்பரைத்தான் என் விரல் தேடுகிறது. கிளம்பி நில், அக்கா.

உன்
வாலு