தகப்பன் செடி என்னும் கட்டம்

ஜனவரி 19, திங்கள்

காலையில் நல்ல பனி. தொட்டி விளிம்பெல்லாம் ஈரம். கடல் காற்று இல்லை. இலையில் உப்பு படியாது, நல்லது.

படிவம் வந்துவிட்டது. செம்பருத்தி வளர்ப்போர் சங்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்; தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால்தான் என் பூ இந்த ஆண்டுப் பட்டியலில் ஏறும். நான்கு கட்டங்கள். புதிய பூவின் பெயர். தாய்ச் செடி. தகப்பன் செடி. உருவாக்கியவர்.

கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பினேன். கான்வென்ட்டில் எழுத்து கோட்டைத் தாண்டினால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். எழுபத்திரண்டு வயதிலும் தாண்டுவதில்லை.

தாய்: என் பால்வெள்ளை, பதினேழாம் தொட்டி. தகப்பன்: பிறகு.

பெயர்கள், யோசித்த வரை:
வெள்ளி மாலை. ஏற்கெனவே ஒருவர் வைத்துவிட்டார்.
சாம்பல் ராணி. மூக்குப்பொடி டப்பா மாதிரி.
மார்கழி மேகம். சினிமாத்தனம்.
மாலை ஜெபம். கான்வென்ட் மதர் இருந்தால் மகிழ்ந்திருப்பார். ஜெபிக்கிற பூ மாதிரி இல்லை இது. உள்ளங்கையளவு, விளிம்பு வெள்ளை, நடுவில் புகை படிந்த ஊதா. கொஞ்சம் திமிர்.

கார்த்திக் புனேவிலிருந்து போன் செய்தான். "அப்பா பேர வெச்சிடுங்கம்மா, எல்லாரும் சந்தோஷப்படுவாங்க." யார் அந்த எல்லாரும்? அவர் இருந்தவரை ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை என்று தொட்டிகளைக் காலால் தள்ளினவர். அதோடு, முப்பத்தெட்டு வருடம் "இங்க பாருங்க" என்றே கூப்பிட்டவள் நான். தண்ணீர் ஊற்றும்போது இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடவா? முடியாது.

நாளை: வேப்பம் புண்ணாக்கு, சணல், பிரஷர் மாத்திரை.

ஜனவரி 20, செவ்வாய்

புதுச் செடியில் ஒரு கிளை இல்லை!

கத்தி வெட்டு. சாய்வாக, சுத்தமாக. ஒட்டுக்கட்டத் தெரிந்தவர் வெட்டுகிற வெட்டு. தொட்டிகள் இருக்கும் மொட்டைமாடிக்குச் சாவி இரண்டு. ஒன்று என் இடுப்பில், இன்னொன்று வீட்டு வேலைக்கு வரும் செல்வியிடம்.

செல்வியைக் கேட்டேன். "ஏம்மா, நான் எதுக்கு குச்சிய வெட்டப் போறேன்? வெட்டி அடுப்புலயா வெக்கப் போறேன்? எங்கூட்டுல கேஸு." முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பாத்திரம் வழக்கத்தைவிடச் சத்தம்.

பதினொரு மணிக்கு தண்டபாணியின் போன். சிதம்பரத்தில் கீரப்பாளையம் போகும் சாலையில் நர்சரி வைத்திருப்பவர். (இனி த.) நான் அங்கே போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது.

"அம்மா, புதுசு ஒண்ணு பூத்திருக்காமே? நடுவுல பொகை கலராமே? சொல்லவே இல்லியே நீங்க."

"யார் சொன்னது?"

"சொன்னாங்கம்மா. ஒரு நாள் இந்தப் பக்கம் வாங்களேன்."

நடுவில் என்ன நிறம் என்பதுவரை தெரிந்திருக்கிறது. எனக்கும் செல்விக்கும் கார்த்திக்குக்கும் மட்டுமே தெரிந்தது. கிளை வெட்டு, போன், அழைப்பு. மூன்றும் ஒரே நாளில். தற்செயல் என்று நம்ப நான் என்ன குழந்தையா?

ஜனவரி 21, புதன்

வெயில் சுள்ளென்று. மாடிக்குப் பூட்டு மாற்றினேன். ஒரே சாவி.

செல்வியை உட்காரவைத்துக் கேட்டேன். பூவைப் போட்டோ எடுத்துத் தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்தாளாம். "அழகா இருந்துச்சும்மா, அதான். எங்க நாத்தனா தண்டபாணி நர்சரிலதான வேலை செய்யுது. அது பாத்து அவுங்ககிட்ட காட்டியிருக்கும்." சரி, ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கிளை?

பழைய பக்கங்களைப் புரட்டினேன். டிசம்பர் 28: "புதுச் செடியில் ஒரு குச்சி வெட்டி ஒட்டுக்கட்டினேன்." ஓரத்தில், பிறகு சேர்த்தது: "ஒட்டு சேரவில்லை." என் கையெழுத்து. கோடு தாண்டாத கையெழுத்து.

செல்வியிடம் சொல்லவில்லை. எள்ளுப்பொடி ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். "என்னாத்துக்கும்மா திடீர்னு?" என்றாள். "ஜாஸ்தியாக அரைத்துவிட்டேன்" என்றேன்.

தகப்பன் கட்டம் இன்னும் காலி. இங்கே யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

த. நர்சரியின் பின்கொட்டகையில் ஒரு செடி இருந்தது. விற்பதற்கில்லை என்று கயிறு கட்டியிருந்தார். அவரே விதை போட்டு எடுத்தது, பெயர் வைக்காதது. அப்படியொரு புகை நிறத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன், பிப்ரவரியில், அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது ஒரு பூவைப் பறித்து டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரவு பிரிட்ஜில். மறுநாள் காலை அதன் மகரந்தத்தைப் பால்வெள்ளைப் பூவின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் ஐந்து சிவப்புப் பொட்டுகளிலும் தொட்டுவைத்தேன். அந்தக் காயில் ஒன்பது விதை முளைத்தது. பூ என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

கேட்டிருக்கலாம். மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் என் கௌரவம்?

"தெரியாது" என்று எழுதினாலும் சங்கம் ஏற்கும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் த. கூப்பிடுகிறாரே, அவருக்கு எவ்வளவு தெரியும்? நேரில் போய்ப் பார்த்துவிடுவது மேல்.

ஜனவரி 22, வியாழன்

கடலூரிலிருந்து காலை எட்டு மணி பஸ். ஜன்னலோரம். இன்று விரிந்த பூ அதே டிபன் டப்பாவில். வேறு டப்பா இல்லாமலில்லை. இதில்தான் இதழ் மடங்காமல் இருக்கிறது.

த. வாசலுக்கே வந்தார். "வாங்கம்மா! யக்கா, கடலூரம்மா வந்திருக்காங்க, டீ சொல்லு." அக்கா அஞ்சலை. என் வயதிருக்கும். மண் கலந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

இவ்வளவு உபசாரம் எதற்கு? டீயைக் கையில் வைத்துக்கொண்டே பின்கொட்டகையை எட்டிப் பார்த்தேன். கயிறு இருந்தது. செடி இல்லை. விற்றுவிட்டார், என்னிடமிருந்து மறைக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது.

"அது பூடுச்சும்மா," என்றார் த. "கார்த்திக மாசத்து மழையில தண்ணி நின்னு வேரு அழுவிடுச்சு."

"எது?" என்றேன். எழுதவே கூசுகிறது. "எது?" என்றுதான் கேட்டேன்.

"எதுவா?" மண்குவியலிலிருந்து அஞ்சலை. "டப்பாவுல பூவ வெச்சு எடுத்தும்போனீங்களே, அந்தச் செடி."

"சும்மா இருக்கா." த. என்னைப் பார்க்காமல் பேசினார். "அன்னிக்கு பாத்தம்மா. பொழுதுசாய சுருங்கிப்போற பூதானேன்னு வுட்டுட்டன். கேட்டிருந்தா நானே பறிச்சுக் குடுத்திருப்பன்."

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

டப்பாவைத் திறந்தேன். தொடாமல் குனிந்து பார்த்தார். "நடுவுல அதே கண்ணு," என்றார். பிறகு: "ரெண்டு குச்சி குடுங்கம்மா. நான் வெத போட்டதுல உருப்படியா நின்னது அது ஒண்ணுதான். அதோட ரத்தம் இப்ப உங்க மாடியில மட்டுந்தான் இருக்குது."

அஞ்சலை கை கழுவிவிட்டு வந்தாள். "பேரு வெச்சாச்சா?"

"இன்னும் இல்லை."

"எப்பிடி வெப்பீங்க? புள்ளைக்கு அத்தக்காரிதான காதுல பேரு சொல்லணும்? அப்பன் வூட்டு அத்த நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறனே."

"இது செடி."

"பாரத்துல அம்மா யாரு, அப்பன் யாருன்னு கேக்கறாங்கன்னு செல்வி சொல்லுச்சாமே. அப்ப அத்தயும் உண்டு."

செல்வி எதைத்தான் சொல்லவில்லை?

பூவை இரண்டு கையாலும் எடுத்தாள். வாயைக் கிட்டே கொண்டுபோய் என்னவோ மூன்று தரம் சொன்னாள். என் காது பழுதில்லை. வேண்டுமென்றேதான் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

"என்ன சொன்னீங்க?"

"மொதல்ல அப்பன் பேர எழுதுங்க. எழுதிட்டு போன் பண்ணுங்க. சொல்றன்."

டீக்கு நன்றி சொன்னேனா? நினைவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

மேகமூட்டம். கால் வலி. பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது.

அவள் என்ன பெயர் சொல்லியிருப்பாள்? பேத்தி பெயராக இருக்கும். இல்லை, குலதெய்வம். இல்லை, ஏதாவது நடிகை. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டுமென்று என்ன கட்டாயம்? படிவம் என் கையில்.

தகப்பன் கட்டத்தில் உண்மையை எழுதினால்: சங்கம் த.விடம் விசாரிக்கும். எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்கும். கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் சொல்லலாம். சங்கக் கூட்டத்தில் முப்பது பேர், எல்லோரும் என்னை மேடம் என்று கூப்பிடுகிறவர்கள்.

எழுதாவிட்டால்: ஒருவருக்கும் தெரியாது. அந்த அக்கா தம்பியைத் தவிர. அவர்கள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொல்லுகிறவர்கள் என்றால் இரண்டு வருடத்தில் சொல்லியிருப்பார்கள்.

சொல்லமாட்டார்கள் என்பதுதான் தொந்தரவாக இருக்கிறது.

செல்வியிடம், கிளையை வெட்டியது நான்தான் என்றேன். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா. நீங்க வெட்டறப்ப டார்ச் புடிச்சதே நான்தான?" பின் ஏன் சொல்லவில்லை? "நீங்க கேட்டது நான் வெட்டுனேனான்னு. நீங்க வெட்டுனீங்களான்னு கேக்கலியே."

ஜனவரி 24, சனி

காலையிலேயே வெயில். புதுச் செடியில் இரண்டு பூ.

பத்து மணிக்கு எழுதினேன். தகப்பன் செடி: சிதம்பரம் தண்டபாணி விதை போட்டு வளர்த்தது. பெயரிடப்படாதது. இப்போது இல்லை. அதன் கீழே, கட்டத்துக்கு வெளியே, கோடு தாண்டி: பூ அவரைக் கேட்காமல் எடுக்கப்பட்டது. உருவாக்கியவர் கட்டத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும். இடம் போதவில்லை, நெருக்கி எழுதினேன்.

பிறகு போன். அஞ்சலையே எடுத்தாள். எழுதியதை வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் யாரோ தண்ணீர் பீய்ச்சும் சத்தம்.

"இப்போது சொல்லுங்கள். என்ன பெயர்?"

"பேரா? பேரு ஒண்ணும் சொல்லலியே."

"மூன்று தரம் சொன்னீர்களே!"

"உங்கப்பன் வூடு இதுதாண்டின்னு சொன்னன். தெரிஞ்சுக்கட்டுமேன்னு. வளத்தது நீங்க, பேரு நீங்களே வெச்சுக்குங்க. போன வெக்கட்டுமா? லோடு வண்டி வந்திருக்குது."

வைத்துவிட்டாள்.

நாலு மணிவரை படிவம் மேசையில். என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சோப்புப் பெயர் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அடித்தேன்.

அஞ்சலை என்று எழுதினேன்.

செல்வி எட்டிப் பார்த்து, "என்னாம்மா, கெழவி பேரா இருக்கு?" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

பெயரே சொல்லாமல் விட்டால் நான் அவள் பெயரைத்தான் வைப்பேன் என்று கணக்குப் போட்டிருப்பாளோ? அந்த முழியைப் பார்த்தால் போட்டிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

5.40க்குப் படிவத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. நாளை காலை வெயிலுக்கு முன் த.வுக்கு இரண்டு குச்சி வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, செல்வியிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டுதான். எண்ணிக் கொடுக்க வேண்டும்.