சிவப்பு விளக்கைத் தாண்டிய மாடும் தலையில்லாத வண்டிக்காரனும்

அனுப்புநர்:
மு. சிற்றம்பலம்,
கமக்காரன்,
நாவல்மோட்டை, வவுனியாப் பகுதி.

பெறுநர்:
பொலிசு அத்தியட்சகர் அவர்கள்.

பொருள்: களவுபோன என் எருதைக் கமரா கண்டுபிடித்தமைக்கு நன்றி கூறலும், எருதைத் திருப்பிக் கேட்டலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் றெயில் கேற்றில் சிவப்பு விளக்கு எரியும்போது வண்டி விடுவோரைப் பிடிக்க, பற்றைக்குள் ஒரு படக்காரரைக் கமராவுடன் இருத்துவது பற்றிச் சென்ற தையில் சங்கக்கடை முன்றலில் வாதம் நடந்தது. முந்திய வருடம் றெயில் மோதி ஒரு சோடி மாடு செத்த இடம் அது. "பொலிசு மறந்தாலும் படம் மறக்காது" என்றார் கடைக்கார மீராசாகிபு. "ஆளை விட்டிட்டு நிழலைப் பிடிக்கப் போறியளோ?" என்று அப்புத்துரை எதிர்த்தார். நான் கமராவுக்கே கை உயர்த்தினேன்.

2. சித்திரையில் என் மயிலை எருது பட்டியிலிருந்து களவுபோயிற்று. அதன் வலத்தொடையில் 'மு.சி' என்று என் குறி சுட்டிருக்கிறது. முறைப்பாடு செய்யப் போனபோது பொலிசு நிலையத்துச் சாஜன் ஐயா, "குறியெல்லாம் ஒரு அத்தாட்சியோ? ஆரும் சுடலாம். போயிட்டு வாங்கோ" என்றார். அன்று முதல் போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

3. இப்போது எனக்கே அழைப்பாணை வந்திருக்கிறது. புரட்டாதியில் ஒரு விடியற்கருக்கலில் என் மாடு பூட்டிய வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டியதாம். படத்தையும் காட்டினார்கள். வெளிச்சம் பளிச்சென்று விழுந்து 'மு.சி' அச்சடித்ததுபோல் தெரிகிறது. விளக்கோ கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளையாக இருக்கிறது. அரசாங்கம் சிவப்பு என்பதால் நம்புகிறேன். வண்டிக்காரனுக்குக் கழுத்துக்கு மேலே படமில்லை.

4. வண்டி என்னுடையதல்ல, ஓட்டியவனும் நானல்ல என்றேன். அதே சாஜன் ஐயா, "மாட்டில உங்கட குறி கிடக்கு. பிறகென்ன கதை?" என்றார். மாட்டைத் திருப்பிக் கேட்டால் குறி அத்தாட்சி இல்லை. தண்டம் கட்டுவதற்கு அதுவே அத்தாட்சி. ஊரார் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, பட்டியில் தனியே நின்ற அதன் சோடி எருதைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. காலபோக மழை தொடங்கி, அயலெல்லாம் உழுகிறது. என் வயல் மட்டும் உழாமல் கிடக்கிறது. நுகத்தின் மறுபக்கத்தில் நானே நிற்கலாம். என் தொடையில்தான் குறியில்லை.

5. கமராவை அகற்றும்படி நான் கேட்கவில்லை. ஒரு நிலையமே தேடிக் காணாததை அது ஒரு விடியலில் கண்டது. அதற்குச் சாஜன் உத்தியோகம் கொடுத்தாலும் தகும். தலையை உயர்த்திப் பார்க்க மட்டும் பழக்கிவிடுங்கள்.

6. விளக்கைத் தாண்டியது மாடு. ஆகவே வழக்குத் தினத்தில் அதை முதலாம் எதிரியாக நீதவான் கோட்டில் நிறுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அது சிற்றம்பலத்தின் மாடுதான் என்று கனம் நீதவான் தீர்ப்பளித்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தை அங்கேயே கட்டுவேன். வரும்போது கயிறும் கொண்டுவருவேன்.

நாவல்மோட்டை,
1962 ஐப்பசி.

மாட்டை எதிர்பார்த்திருக்கும்,
மு. சிற்றம்பலம்
(குறி: மு.சி)