ஒம்பது பட்டை

ஏனுங்க,

ஏழு மணி பஸ்ஸுல வாழவந்தி போறேன். இனி பிக்கப்பை நான் ஓட்ட மாட்டேன். சாவி உப்பு ஜாடிக்குப் பக்கத்துல இருக்கு. நாகலூர்ப் பழத்தை நீங்களே போயி ஏத்திட்டு வாங்க.

உங்க அத்தா வாங்குன அந்தப் பழைய பிக்கப்புக்குப் பின்னாடி, குலுக்கலைத் தாங்கற கமான் பட்டை மாத்தறப்போ, அஞ்சு பட்டை போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்க ஒம்பது பட்டை போட்டு, ஒர்க் ஷாப்புல இருந்த ஆறு ஆம்பளைங்களைப் பின்னாடி ஏத்தி ஒரு ரவுண்டு போயிட்டு, "மெத்தையாட்டம் போகுது"ன்னு வந்தீங்க. நாம ஏத்தறது ஆம்பளைங்களையா? நாலு கூடை பட்டர் ஃப்ரூட்டுங்க! அந்த எடைக்கு ஒம்பது பட்டை அசையவே இல்ல. நேத்து ஒவ்வொரு வளைவுலயும் கூடை எகிறி, வாழவந்தி சக்தி அண்ணன் தோட்டத்துப் பழம் பூரா கூழாப் போச்சு. இனி வேற வண்டிக்குத்தான் தருவேங்கறாரு. அவருகிட்ட மாப்பு கேக்கத்தான் போறேன். நீங்க என்ன சொன்னீங்க? எனக்கு மெதுவா ஓட்டத் தெரியலைன்னு!

பதினோரு வருசமா ஓட்டறேனுங்க.

மதியச் சோறு கட்டிட்டேன். பிக்கப் பின்னாடி, கூடை வெக்கற எடத்துலயே இருக்கு. ரசம் மூடி இல்லாத தூக்குப்போசில இருக்கு. நாகலூர் போயி சேர்றப்போ மிச்சம் இருக்கறதைத் தின்னுங்க.

ரிஸ்வானா

முட்டைக் கொழம்பு மட்டும் ஊட்டுல, அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். நாலு பட்டையைக் கழட்டிட்டு வந்து சாப்பிடுங்க.