மூன்றாம் மாடிக் கடைசி அறை

ஜூன் 4

என் பல்லழகிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "அடேயப்பா, கேட்கக்கூடத் தெரிகிறதே!" என்று கழுத்தை ஒடித்துக்கொள்வாய். அதனால் கேட்கவில்லை. நலமாக இரு.

போலீஸ் துறை ஆசைப்பட்டபடியே வேலை கிடைத்துவிட்டது. லாட்ஜ் மேனேஜர்! மூன்று மாடி. எந்நாளும் எல்லா அறையும் நிரம்பியிருக்கும், ஆனால் ஒரு ஈ காக்கை கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் போதைச் சரக்கு விற்ற பணம் மூட்டையாக இங்கே வருகிறது. வராத ஆட்கள் வந்து தங்கியதாகப் பில் போடுகிறோம். உடனே அது அறை வாடகையாகி, வரியும் கட்டி, நல்ல பிள்ளை மாதிரி வங்கிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதற்கெல்லாம் தலை யார் என்று உள்ளேயிருந்து பார்த்துச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

திடீரென்று எவனாவது சோதனைக்கு வந்தால் லாட்ஜில் ஆள் இருக்கிற மாதிரி தெரிய வேண்டும். அது என் பொறுப்பு. காலையில் அறை அறையாகப் போய்ப் படுக்கையைக் கலைக்கிறேன். தலையணையைக் குத்திக் குழியாக்குகிறேன். சோப்பை நனைத்து, துண்டை ஈரமாக்கிக் கொடியில் போடுகிறேன். அழுக்கே படாத விரிப்புகள் சலவைக்குப் போய் அப்படியே திரும்பி வருகின்றன. படுக்கையை மடிக்காமல் போனதற்கு உன்னிடம் எத்தனை வசவு வாங்கியிருக்கிறேன்! இங்கே அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஒன்றுதான் பிடிக்கவில்லை. கலைத்து முடித்துத் தாழ்வாரத்தில் திரும்பி நடக்கும்போது, ஒவ்வொரு அறையிலும் யாரோ எழுந்து உட்கார்ந்து என் முதுகைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. போலீஸ்காரன் பேசுகிற பேச்சா இது என்று சிரி.

சலவை வண்டி ஓட்டுகிறவர் நம் ஆள். தலையணை உறைக்குள் வைத்து இதை உன்னிடம் சேர்ப்பார். பதிலை அவரிடமே கொடு. மேலதிகாரிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். இங்கே நான் கல்யாணமாகாதவன், நினைவிருக்கட்டும்.

உன்
ஊர்சுற்றி


ஜூன் 12

கல்யாணமாகாத மேனேஜர் ஐயாவுக்கு,

பெண் பார்க்கிறீர்களாமே? நான் வேண்டுமானால் நல்ல இடமாகச் சொல்கிறேன். மாமியார் தொல்லை கிடையாது, புருஷன் தொல்லையும் கிடையாது, ஏனென்றால் அவன் வீட்டுக்கே வருவதில்லை.

கிளினிக்கில் டாக்டர் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறார், நான் பொய்ப்பல் செய்து செய்து கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்லட்டுமா? பல்லையெல்லாம் ஒரே வரிசையாக, வெள்ளை வெளேரென்று வைத்தால் சிரித்த உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். நான் ஒரு பல்லை இம்மி கோணலாக வைப்பேன். இன்னொன்றில் லேசாகக் கறை ஏற்றுவேன். அப்போதுதான் அது ஒருத்தருடைய வாய் ஆகும். நீங்கள் எல்லாக் கட்டிலையும் ஒரே மாதிரி கலைப்பீர்கள், எனக்குத் தெரியும். ஒரே ஆள் எல்லா அறையிலும் புரண்டு எழுந்த மாதிரி இருக்கும். ஒரு அறையிலாவது ஒரு தனி ஆளைக் குடி வையுங்கள்.

சிரித்துச் சிரித்து எழுதுகிறேன், ஆனால் ராத்திரி வாசலில் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். போன தடவை உங்களோடு உள்ளே போனவர் திரும்பவில்லை. அவர் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஆண்கள் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டிருந்தாள். பழசு தேய்ந்துபோயிருக்கும், வந்தால் கேட்பார் என்றாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த வேலையோடு வேஷம் போட்டு உள்ளே போகிற பிரிவையே விட்டுவிடுகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். என் தலை அது, நினைவிருக்கட்டும்.

உங்கள்
பல்லழகி


ஜூன் 25

என் பல்லழகிக்கு,

உன் பேச்சைக் கேட்டேன். மூன்றாம் மாடிக் கடைசி அறையில் ஒருத்தியைக் குடி வைத்திருக்கிறேன். வேறு யாரை? உன்னைத்தான்.

சுவரோரமாக ஒடுங்கிப் படுத்து, பாதிக் கட்டிலை எனக்கென்று விட்டுவைப்பாயே, அப்படியே கலைத்தேன். அந்தப் பக்கம் விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. தண்ணீர் டம்ளரின் மேல் தட்டை மூடி வைத்தேன். சன்னல் திரையின் நுனியைக் கம்பியில் சொருகினேன். முடித்துவிட்டுக் கிளம்ப மனசு வரவில்லை. வெகு நேரம் அங்கேயே நின்றேன்.

நேற்று சித்தப்பா வந்தார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மெலிந்த மனிதர், யாரைப் பார்த்தாலும் "சாப்டியாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பார். கடலுக்கு அந்தப் பக்கம்கூட அவர் பேரைச் சொன்னால் குரலைத் தாழ்த்துகிறார்கள். நாங்கள் தேடுகிற தலை அவர்தான், இப்போது உறுதியாகிவிட்டது. அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசி அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"இங்க மட்டும்தான்பா ஆள் இருக்கு" என்றார்.

"யாரும் இல்ல சித்தப்பா. சும்மா நான் செஞ்சு வச்சது."

"சும்மா செஞ்சா இப்படி வராது. பாதிக் கட்டில யாருக்கோ விட்டு வச்சிருக்காளே. வரவேண்டியவன் யாரு?"

 அவர் என் தோளைத் தட்டிவிட்டு, "நல்ல பொண்ணு. காத்துக்கிட்டிருக்கா" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

இன்று மதியத்துக்கு மேல்தான் அந்த அறையைக் கலைக்கப் போனேன். ஏற்கெனவே கலைந்திருந்தது. சுவரோரமாக மட்டும். கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

உன்
ஊர்சுற்றி


ஜூலை 3

அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தடவை கேலி வரவில்லை. கோபம்தான் வருகிறது.

நான் சொன்னது ஒரு பேச்சுக்கு. அதற்காக என்னைக் கொண்டுபோய் அந்தப் பேய் வீட்டில் படுக்க வைப்பீர்களா? கடிதத்தைப் படித்ததிலிருந்து சுவரோரம் படுக்கவே உடம்பு கூசுகிறது. நான் இங்கே விழித்துக் கிடக்கிறேன், அங்கே நான் படுத்துத் தூங்குகிறேன், என்ன கூத்து இது? அந்த அறையை முதலில் பூட்டுங்கள்.

பழைய ஓட்டுநருக்குக் காய்ச்சலாம். புதிதாக ஒருவர் வருகிறார். வெகு மரியாதை, வாசற்படி ஏற மாட்டேன் என்கிறார். "வீடு துப்புரவா வச்சிருக்கீங்கம்மா" என்றார். கட்டிய புருஷன் ஒரு நாளாவது சொன்னதுண்டா?

கேளுங்கள். இந்த மாத நடுவில் நீங்கள் வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன். நீங்கள் போலீஸ் என்றால் நான் பல் பிடுங்குகிற இடத்தில் வேலை பார்க்கிறவள்.

எப்படியாவது வந்துவிடுங்கள். பயமாக இருக்கிறது.

உங்கள்
பல்லழகி


ஜூலை 14

என் பல்லழகிக்கு,

இதை உன் அண்ணன் வீட்டு முகவரிக்குச் சாதாரணத் தபாலில் போடுகிறேன். நான் வெளியே வந்துவிட்டேன். உயிரோடு, முழுசாக.

பழைய ஓட்டுநருக்குக் காய்ச்சல் இல்லை. அவர் உடலை ஆற்றோரம் கண்டெடுத்தார்கள். புதியவன் சித்தப்பாவின் ஆள். நம் கடிதங்களையெல்லாம் அவர்கள் படித்திருக்கிறார்கள். செய்தி தெரிந்த உடனே, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சித்தப்பாவிடம் விடுப்புக் கேட்டேன். "போய்ட்டு நிதானமா வாப்பா. கடைசி ரூம நான் பாத்துக்கறேன்" என்றார். சிரித்தார். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

உன்னை நினைத்துத்தான் பயந்தேன். இன்று காலை நம் ஆள் ஒருவரை வீட்டுக்கு ஓடச் சொன்னேன். பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா, "பெட்டியோட சிரிச்சுக்கிட்டே கெளம்பினாங்களே" என்றாராம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ சிரித்துக்கொண்டே வீட்டைவிட்டுப் போனால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம், எனக்கா தெரியாது? இத்தனை வருஷத்தில் உன் கோபத்துக்காக இன்றைக்குத்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணன் வீட்டைவிட்டு நகராதே. என் பேரைச் சொல்லி யார் வந்து கூப்பிட்டாலும் போகாதே.

நாளை மதியத்தோடு எல்லாம் முடிந்துவிடும். சாவிகளுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். விடியுமுன் நம் ஆட்கள் பின்பக்கமாக ஏறி, மூன்றாம் மாடி அறைகளில் சத்தமில்லாமல் அடைந்துகொள்வார்கள். அந்த லாட்ஜில் முதல் தடவையாக ஆள் தங்கப்போகிறது.

கடைசி அறையின் மர்மம் என்ன தெரியுமா? சித்தப்பாதான்! தினமும் மதியம் அங்கே போய்ச் சுவரோரமாகப் படுத்துக்கொள்கிறார். "இங்க படுத்தா தொணைக்கு ஆள் இருக்கிற மாதிரி இருக்குப்பா" என்று அவரே என்னிடம் சொன்னார். கடிதங்களை அவர்கள் படித்தது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது, அதனால் நாளையும் வழக்கம்போல் வருவார். தலையணைக்கடியில் துப்பாக்கி இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். அவரை எழுந்திருக்க விட்டால் எங்கள் ஆட்களில் இரண்டு பேராவது செத்துவிடுவார்கள். அதனால் கதவைத் தட்டாதீர்கள், குரல் கொடுக்காதீர்கள், படுத்திருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்று சொல்லி, கட்டில் இருக்கிற இடத்தையும் படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்படியொரு யோசனை சொல்கிறவனாக ஆகிவிட்டேனே என்று மனசு கசக்கிறது. இதோடு இந்தப் பிரிவுக்கு ஒரு கும்பிடு. உன் தலைமேல் செய்த சத்தியம்.

நாளை மறுநாள் உன்னைக் கூப்பிட வருகிறேன். வர மாட்டேன் என்று அடம் பிடி. உன் அண்ணன் காலிலும் விழத் தயார்.

உன்
ஊர்சுற்றி


ஜூலை 15, மதியம்

என் மேனேஜர் ஐயாவுக்கு,

நீங்கள் வருவதற்குள் என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசையில் லாட்ஜ் தாள் இருந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன். நேரில் வந்ததும் கையிலேயே கொடுக்கிறேன்.

ஆளை அனுப்பிக் கூப்பிடுவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நேற்று விடிகாலையில் அந்தப் புது ஓட்டுநர் வந்து, "வேல முடிஞ்சிருச்சும்மா, ரூம மூடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாக்கணும்னு சார் ஆசப்படறாரு" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லக்கூட இல்லை, வழி நெடுகச் சிரிப்புதான். கோபமெல்லாம் எங்கே போனதோ.

அறையைப் பார்த்தேன். திரை நுனி, டம்ளர் மூடி, எல்லாம் சரி. இவ்வளவு கவனித்திருக்கிறீர்கள் என்று தெரியாமல் எத்தனை சண்டை போட்டுவிட்டேன்.

உங்கள் சித்தப்பாவைப் பற்றி அப்படி எழுதினீர்களே, இப்போது உண்மையெல்லாம் சொல்லி உங்கள் பக்கம் வந்துவிட்டாராம், ஓட்டுநர் சொன்னார். சொந்தச் சித்தப்பாகூட இப்படிப் பேச மாட்டார். "சாப்டியாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார், அதுவும் ரகசியம் பேசுகிற குரலில். தலையணையைத் தட்டிப் போட்டார். "இது உன் ரூம்மா. தெனம் நான் படுக்கற நேரந்தான், இன்னைக்கு நீ படு. அவன் எப்படியும் வந்துருவான்" என்றார். மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது, பாவம். இப்போதுதான் சலவை வண்டியில் முன்னால் உட்கார்ந்து போகிறார், சன்னலிலிருந்து பார்த்தேன். மேலே பார்த்துக் கையை ஆட்டினார்.

ஆனால் உங்களிடம் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும். லாட்ஜில் ஆளே கிடையாது என்று எழுதி என்னைப் பயமுறுத்தினீர்கள் அல்லவா? பக்கத்து அறையில் யாரோ இருமலை அடக்குகிறார். எதிர் அறையில் கட்டில் முனகுகிறது. நான் நடந்தால் அவர்கள் அசைவதில்லை. நான் நின்றால் மெல்ல அசைகிறார்கள். மாடி முழுக்க ஆள் இருக்கிறது. பெரிய புளுகுமூட்டை நீங்கள். நானும் நம்பி எத்தனை இரவு தூக்கம் கெட்டேன்.

ராத்திரி முழுக்கப் பயணம் செய்ததில் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. படுக்கப் போகிறேன். தாழ்வாரத்தில் யாரோ செருப்பில்லாமல் வருகிற மாதிரி கேட்கிறது. பூனை மாதிரி வந்து பயமுறுத்துகிற புத்தி உங்களுக்கு இன்னும் போகவில்லை. நான் மட்டும் இளைத்தவளா? போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு, அசையாமல் தூங்குகிற மாதிரி கிடக்கப் போகிறேன். வந்து எழுப்புங்கள், பார்க்கலாம்.

உங்கள்
பல்லழகி