டாக்டரம்மாவிடம் சொல்லாதது

7 ஜூலை 2025, திங்கள்
காலை 132/84. தினமும் பிரஷரைக் குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர் ஷோபனா. அதற்காக வாங்கிய நோட்டு இது. எண்ணை எழுதிய பிறகும் பக்கம் காலியாகக் கிடக்கிறது. மற்றதையும் எழுதினால் என்ன?

மாத்திரை தொடங்கி ஐந்து மாதம். எண்கள் நன்றாக இறங்கிவிட்டன. நான்தான் நன்றாக இல்லை. மூன்று மாதமாக மனைவி சுசீலாவின் பக்கத்தில் போகவே பயமாக இருக்கிறது. மனசு போகிறது, உடம்பு வருவதில்லை. நாற்பத்தெட்டு வயதில் இப்படியா? போன வாரம் டாக்டர், "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். என் அக்கா மகள் வயதுதான் அவருக்கு. "ஒண்ணுமில்ல மேடம்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

9 ஜூலை
டீயை வைத்துவிட்டுச் சுசீலா கேட்டாள்: "இன்னாய்யா, எம்மேல எதுனா கோவமா?" இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

12 ஜூலை, சனி
பட்டறையில் நான் மேலே கிரேன் ஓட்டுகிறேன். கீழே நின்று இரும்புப் பெட்டிக்குச் சங்கிலி மாட்டிக் கைகாட்டுவது யூசுப். பதினொரு வருடமாக அவர் கையைப் பார்த்துத்தான் என் கை நகர்கிறது. இன்று அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொன்னேன். என்ன ஆகிறது என்பதைச் சொல்லவில்லை.

"தூக்கிக் கடாசு மாமே. நானும் பிரஷர் மாத்திரய உட்டுட்டேன். பச்சப் பூண்டு, முருங்கக்கீர சூப்பு, செம்பருத்திப் பூ டீ, அவ்ளோதான். ஒடம்பு இரும்பு மாதிரி கீது."

ஏன் கூடாது? கீரை யாரைக் கெடுத்தது?

14 ஜூலை
நிறுத்திவிட்டேன். சுசீலா கையில் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டு, வாஷ்பேசினில் துப்பினேன்.

24 ஜூலை
காலையில் திருநின்றவூர் ஏரிக்கரையில் நடக்கிறேன். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எதுவும் தொடுவதில்லை. "மாத்திரயும் போட்டுகினு இதெல்லாம் வேற செய்யிறியே, பரவால்லியே" என்று சுசீலா கீரை உருவிக்கொண்டே சிரிக்கிறாள். பிரஷர் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

27 ஜூலை, ஞாயிறு
உடம்பு திரும்பி வந்துவிட்டது. இதற்குமேல் எழுத வெட்கமாக இருக்கிறது. சுசீலா காலையிலிருந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இருக்கிறாள்.

5 ஆகஸ்ட், செவ்வாய்
எழுதியே ஆகணும்.

காலைலேர்ந்து பின்மண்டை வலி. பதினோரு மணி இருக்கும், ரெண்டு டன் பெட்டிய தூக்கிகினு வரேன் – திடீர்னு கண்ணு மங்கிப்போச்சு. யூசுப் கை தெரியல. நிறுத்து, நிறுத்துன்னு காட்டினாராம். நான் பாக்கல. பெட்டி ஆடிப் போய்த் தூண்ல மோதிச்சு. யூசுப் தாவி விலகிக் கீழே விழுந்து உருண்டார். அரை அடி. அரை அடி இந்தப் பக்கம் இருந்திருந்தா?

ஓடிவந்த சூப்பர்வைசரிடம் "பிரேக் பிடிக்கல சார்" என்றேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது? போன வாரம் பிரேக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் மெக்கானிக் வெங்கட். மாலையில் அவரைத்தான் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

6 ஆகஸ்ட்
காலை 196/114.

லீவு போட்டுவிட்டுச் சுசீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடம்பு விஷயம், வாஷ்பேசின், யூசுப், பிரேக், எல்லாம்.

"மாத்திரையாலயா? இத்தினி மாசமா உனக்கு என்னப் புடிக்காம பூட்ச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்யா."

அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. "யூசுப் அண்ணனுக்கு எதுனா ஆயிருந்தா அவரு சம்சாரத்துக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? கெளம்பு."

டாக்டர் அறையில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுசீலாதான் உடைத்துச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை, முகமும் சுளிக்கவில்லை. ஈசிஜி எடுத்தார். நல்லவேளை, அதில் ஒன்றுமில்லை.

"துலுக்கானம் சார், இந்த மாத்திரையில சிலருக்கு அப்படி ஆகும். பிரஷரே கூட காரணமா இருக்கலாம். எதுவா இருந்தாலும் மாத்திக் குடுக்க வேற மருந்து இருக்கு. ஆனா இதைத் திடீர்னு நிறுத்தினா முன்னைவிட எகிறும். அதான் நடந்திருக்கு."

"அப்போ கீரை?"

"சாப்பிடுங்க. உப்பைக் குறைச்சதும் நடக்கிறதும் ரொம்ப நல்லது. மாத்திரையோட சேர்த்துத்தான், அதுக்குப் பதிலா இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நிறைய பேர் எங்கிட்ட சொல்றதே இல்ல. பேசாம நிறுத்திடறாங்க" என்றார்.

8 ஆகஸ்ட், வெள்ளி
வெங்கட்டை வைத்துக்கொண்டே சூப்பர்வைசரிடம் சொன்னேன்: பிரேக்கில் தப்பில்லை, என் மேல்தான் தப்பு. கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். உடம்பு சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை ஸ்டோரில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் வெங்கட் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். நியாயம்தான்.

18 ஆகஸ்ட்
146/90. கிரேனின் சத்தம் ஸ்டோர்வரை கேட்கிறது.

6 செப்டம்பர், சனி
134/86. புது மாத்திரை தொடங்கி ஒரு மாதம். மற்ற விஷயம் பழையபடி என்று சொல்ல முடியாது, ஆனால் மோசமில்லை. நானும் சுசீலாவும் அதைப் பற்றிப் பேசுகிறோம். இருபத்திரண்டு வருடத்தில் பேசியதே இல்லை.

வியாழக்கிழமை யூசுப்பிடம், மாத்திரையை நிறுத்தியதன் உண்மைக் காரணத்தைச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். டீயைக் குடிக்கக்கூட இல்லை. இன்று ஷிப்ட் முடிந்ததும் ஸ்டோர் வாசலில் நின்றார். "அந்த டாக்டரம்மா இன்னிக்கு இருப்பாங்களா மாமே?"

கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"நீயும் உள்ள வாயேன்."

"நீயே சொல்லு. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. ரயில் போனால் போகட்டும், அடுத்ததில் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.