வெங்காயப் பாட்டின் கடைசி வரி

அன்புள்ள அம்மாவுக்கு, யூனா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நான் நலமே.

ஞாயிறு மாலை தேவாலயத்தில் ஆர்கன் கச்சேரி. கேட்பவர்கள் எழுதித் தரும் மெட்டை வாசிப்பவர் அங்கேயே கற்பனையாக விரிப்பார். வெங்காயத்தைச் சரமாகப் பின்னும்போது நீ பாடுவதை எழுதிக் கொடுத்தேன். கடைசி வரி மட்டும் நினைவுக்கு வராததால் விட்டுவிட்டேன்.

அதையே வாசித்தார், அம்மா!

“ஏய், உங்க வெங்காயப் பாட்டுடி! அழுவுறியா?” என்று அறைத்தோழி சோலேன் கிள்ளினாள்.

“வெங்காயம்னா கண்ணு எரியாதா?” என்றேன்.

கடைசி வரியை அவரே இட்டுக்கட்டி முடித்தார். கூரையே அதிர்ந்தது. அன்றிலிருந்து எப்படிப் பாடினாலும் அவருடைய முடிவில்தான் போய் நிற்கிறேன். உன்னுடையது வரவே மாட்டேன் என்கிறது.

கம்பளிக் காலுறை அனுப்பு. ஞாயிறன்று விடுதிக்கு ஃபோன் செய். எதுவும் பேச வேண்டாம். பாடு, கடைசிவரை பாடு.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உன் யூனா