சங்கு ஊதியபோது நீ பாடிக்கொண்டிருந்தாய்

நேற்று மத்தியானம் பூங்காவுக்குத் தண்ணீர் லாரி வந்து மணலை நனைத்துவிட்டுப் போனது. இசை விழா தொடங்குகிற நாளில் வழக்கமாகச் செய்வதுதான். ஜனங்கள் மணலில் உட்காருவார்கள், புழுதி பறக்கக்கூடாது. சித்திரை வெயிலில் காய்ந்த மணல் தண்ணீரைக் குடித்ததும் ஒரு வாசனை கிளம்புமே, அது நகராட்சி ஆபீஸ் மாடிவரைக்கும் ஏறி வந்துவிட்டது. ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு எதிர் மேஜையைப் பார்த்தேன். உன் டைப்ரைட்டரை வேறொரு பெண் தட்டிக்கொண்டிருந்தாள். நீ தை மாதம் போனாய். இன்னும் அந்தப் பக்கம் திரும்பி, "டீ குடிக்கப் போலாமாடி?" என்று கேட்கத்தான் வாய் திறக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. எனக்கு நீ பாலக்கரை, உனக்கு நான் ஸ்ரீரங்கம். நான் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவேன். நீ மாதா கோயில் காலைப் பூசை முடிந்து, முக்காட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவாய். என் டப்பாவைத் திறந்து முதல் வாய் நீதான் எடுப்பாய். "ஸ்ரீரங்கம், உங்க பெருமாளுக்கு இன்னிக்குப் புளி ஜாஸ்தி" என்பாய். என்னை அப்படிக் கேலி செய்ய அந்த ஆபீஸில் வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது. எனக்குக் கறார்க்காரி என்று பெயர். அதில் எனக்குப் பெருமை வேறு.

விழாவை நடத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது அந்தக் கறாரால்தான். நகராட்சி செலவில் பத்து நாள் கச்சேரி, டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மார்க்கெட்டில் கூடை சுமக்கிற பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வீணை கேட்டார்கள். ஆனால் பாட்டுக்காரர்கள் ஒருத்தரும் நேரத்தில் முடிக்க மாட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று மனுவாகக் கொடுத்தார்கள். கவுன்சிலர்கள், "சாக்கடை தூர்வாராம பாட்டு எதுக்கு? நிறுத்துங்க" என்றார்கள். நான்தான் எழுந்து, நகராட்சிச் சங்கு எட்டு மணிக்கு ஊதினால் அந்த நொடியே மைக் அணைந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் விழா பிழைத்தது. இதை நான் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொல்லும்போதெல்லாம் நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாய், மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு வருஷம் உன்னைப் பாடவைக்க நான் பட்ட பாடு! நீ கோயிலில் மட்டும் பாடுவாய். மேடை ஏறிப் பாடக்கூடாது என்று உன் அப்பா உத்தரவு. அரியமங்கலத்துப் பட்டறையில் இரும்பு அடித்து அடித்துக் காது போன மனுஷர், பிடிவாதம் மட்டும் போகவில்லை. நான் வீட்டுக்கே வந்து அவர் காதருகில் கத்தினேன், நினைவிருக்கிறதா? "டிக்கெட் உண்டா?" என்று கேட்டார். கிடையாது, இலவசம் என்றேன். "காசு வாங்காமப் பாடுறதுன்னா அது கோயில்ல பாடுற மாதிரிதாங்க. பாடட்டும். ஆனா எனக்குக் கேக்கணும்" என்றார்.

அதற்குத்தான் நான் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டேன். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே. காது நன்றாகக் கேட்கிறவன் அங்கே ஒரு நிமிஷம் உட்கார முடியாது. உன் அப்பாவுக்கு அது ஒன்றுதான் வழி.

நீ பாடப்போகிற பாட்டைப் பற்றி முந்தின நாள் டீக்கடையில் சொன்னாய். முக்கொம்புப் பக்கம் நடவுப் பெண்கள் பாடுகிற மெட்டு, உன் அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. "கடைசி அடி மட்டும் அம்மா சொந்தமாக் கட்டினது, அப்பாவுக்காக. அம்மா போனப்புறம் அப்பா அதைக் கேக்கவே இல்லை. அதைப் பாடுறப்போ நான் அவர் மொகத்தைப் பாக்கணும், ஸ்ரீரங்கம்." என்ன அடி அது என்று கேட்டேன். "நாளைக்குக் கேட்டுக்கோ. உனக்கு மட்டும் என்ன தனியா?" என்று சிரித்தாய்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மெல்லிசைக் குழுவுக்குச் சங்கோடு மைக்கை அணைத்திருந்தேன். குழுத் தலைவர் கீழே இறங்கி வந்து, "உங்க வீட்டு மனுஷங்க பாடினா இப்படிச் செய்வீங்களாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் விடுவேனா? "என் கூடப்பிறந்தவளா இருந்தாலும் அணைப்பேன். வந்து பாருங்கோ" என்றேன். பெருமாளே, அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.

உன் நாள் வந்தது. சிறப்பு விருந்தினர் அரை மணி தாமதமாக வந்து, அந்தக் குறையைத் தீர்க்க அரை மணி பேசினார். உனக்கு மிச்சம் விட்ட நேரத்தில் நீ நேராக அம்மாவின் பாட்டை எடுத்தாய். பச்சைப் புடவை, கையில் ஒரு தாள் கூட இல்லை. மணலில் பேச்சு அடங்கிவிட்டது. நான் பின்னால் மைக் செட்டுக்காரர் மேஜை அருகில் நின்றிருந்தேன். வேப்பமரத்தடியில் உன் அப்பா அண்ணாந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கு ஊதியது.

அந்தக் குழுத் தலைவர் கூட்டத்தில் இருந்தார். கவுன்சிலர்கள் இருந்தார்கள். எல்லாத் தலையும் மேடையை விட்டு என் பக்கம் திரும்பியது. மைக் செட்டுக்காரர் மட்டும், "அம்மா, முடியப்போவுதும்மா, ஒரு நிமிஷங்க" என்று கெஞ்சினார். அவர் கையைத் தள்ளிவிட்டு நானே ஸ்விட்சைத் திருப்பினேன். ஆம், நான்தான், என் வலது கை.

நீ நிறுத்தவில்லை. மைக் போனது தெரிந்தும் பாடிக்கொண்டே இருந்தாய். சங்கின் ஓலத்தில் எனக்கு உன் குரல் கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது. அப்போது வேப்பமரத்தடியில் உன் அப்பா எழுந்து நின்றார். குழாயில் சத்தம் நின்றுவிட்டதால் பாட்டு முடிந்தது என்று நினைத்துவிட்டார். முகமெல்லாம் மலர, இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். அவரைப் பார்த்துக் கூட்டமும் தட்டியது. நீ அவரையே பார்த்தாய். உன் வாய் நின்றது. கை கூப்பி வணங்கிவிட்டு இறங்கினாய்.

மறுநாள் ஆபீஸில் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீயே வந்து என் டப்பாவைத் திறந்தாய். "அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாய். என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும். அடுத்த வருஷப் பட்டியலில் உன் பெயரை முதலில் எழுதி டைப் அடிக்கக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது அதில் உன் பெயர் இல்லை. அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதற்கடுத்த வருஷம் உன் அப்பா போய்விட்டார்.

நான் திருந்தினேன் என்று நினைக்கிறாயா? அதற்கப்புறமும் வருஷம் தவறாமல் சங்குக்கு மைக்கை அணைத்தேன். முன்னைவிடக் கறாராக அணைத்தேன். இன்னொருத்தருக்கு ஒரு நிமிஷம் விட்டால், உனக்கு நான் செய்தது அநியாயம் என்று ஆகிவிடுமே! அந்தப் பயம்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மார்கழியில் உன் வீட்டுக்கு வந்தேன். வயிற்றுக் கட்டி உன்னைப் பாதியாக்கியிருந்தது. அப்போதுதான் சொன்னாய். நீ பாடிய அன்றைக்குத் திரும்பிப் போகும்போது ரிக்‌ஷாவில் அப்பா கேட்டாராம், "அம்மாவோட அடியைப் பாடினியா?" என்று. "பாடினேம்ப்பா" என்றாயாம். "அப்ப என் காதுலதான் விழலை. பாழாப்போன காது" என்று தன் காதிலேயே அடித்துக்கொண்டாராம். போகிறவரைக்கும் அந்தக் காதைத் திட்டிக்கொண்டிருந்தாராம்.

"வீட்டில் அவர் காதோரம் ஒருதரம் பாடியிருக்கக் கூடாதாடி?" என்று கேட்டேன். "கத்தினாத்தான் அவருக்குக் கேக்கும். கத்தினா அது பாட்டா? அதோட, பாடிட்டேன்னு சொன்னப்புறம் எப்படிப் பாடுறது?" என்றாய். என் பெயரை அதில் நீ இழுக்கவே இல்லை.

நான் உன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்காவது பாடு, பாலக்கரை. அந்த ஒரு அடி" என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். பல்லும் கண்ணும்தான் மிச்சம் இருந்தன. "சங்கு ஊதிடுச்சே, ஸ்ரீரங்கம்" என்றாய்.

கேலியா, கோபமா? எத்தனையோ தடவை அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. தினமும் எட்டு மணிக்குச் சங்கு ஊதும்போது காவிரிக்கு அந்தக் கரையில் என் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கிறது. ஊதி முடிகிறவரை உன் வாய் அசைகிறது. பொரியல் அடிப்பிடிக்கிறது, நான் அப்படியே நிற்கிறேன்.

நேற்று விழாவின் முதல் கச்சேரி. மணல் வாசனை. ஒரு அம்மாள் பாடிக்கொண்டிருந்தாள், நடுப்பாட்டில் சங்கு ஊதியது. மைக் செட்டுக்காரர், அதே மனுஷர், இப்போது தலை நரைத்துவிட்டது, பழக்கத்தில் ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "பாடட்டும்" என்றேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு கவுன்சிலர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். காட்டட்டும் என்று நின்றேன். இன்றைக்கு என்னிடம் விளக்கம் கேட்பார்கள். அதை எழுத வேண்டிய தாளில்தான் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் கடைசி அடிவரை பாடினாள். நான் வேப்பமரத்தடிக்குப் போய்க் குழாய்க்குக் கீழே நின்று, காது வலிக்க வலிக்கக் கேட்டேன். நல்ல பாட்டுத்தான். உன் அம்மாவின் அடி அது இல்லை.